ஒரே கோப்பு, நான்கு நிறம்

1969 செப்டம்பர் 16, செவ்வாய்க்கிழமை. எழுந்தது நாலே முக்கால். அடிபம்பில் மூன்று குடம் தண்ணீர். மாதா கோயிலில் ஐந்தரை மணிப் பூசை. வந்து காபி, முந்தின நாள் மாவில் இரண்டு இட்லி. ஏழு ஐம்பதுக்கு வீட்டைப் பூட்டினேன். எட்டு ஐந்துக்கு ராயபுரம் ஸ்டேஷன். எட்டு பன்னிரண்டு வண்டி எட்டு பதினேழுக்கு வந்தது. பை இரண்டும் கொடுத்தாயிற்று. எட்டு நாற்பதுக்கு ஆபீஸ் திறந்தேன்.

அன்றைய டைரி இப்படித்தான் தொடங்குகிறது. மழை இல்லை என்றும் எழுதியிருக்கிறேன். அன்று எனக்கு வயது நாற்பத்திரண்டு. துறைமுகத்தில் இறங்கும் இயந்திரப் பெட்டிகளைத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒரு சின்னக் கம்பெனியில் பதினோரு வருடமாக டைப்பிஸ்ட். கோப்புகளைப் பார்த்துக்கொள்வதும் நான்தான். வாசல் சாவி என்னிடம் இருந்தது. பீரோ சாவி மேனேஜரிடம்.

அந்த இரண்டாவது சாவியைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

எங்கள் ஆட்கள் நான்கு இடங்களில் இருந்தார்கள். ராயபுரத்தில் மாடியறை ஆபீஸில் மேனேஜரும் நானும். துறைமுக வாசலில் ஒரு குமாஸ்தா. கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் ஒருவர், பெட்டிகளை எண்ணி லாரி ஏற்றுகிறவர். எண்ணூரில் வேலை நடக்கிற இடத்தில் ஸ்டோர் பார்க்கிறவர். வேலை நான்கு இடத்தில் நடந்தது. காகிதம் மட்டும் ஒரே இடத்தில், ஒரே பீரோவுக்குள் கிடந்தது. எந்தப் பெட்டி எங்கே போக வேண்டும் என்று பார்க்க யார்டுக்காரர் வேலையைப் போட்டுவிட்டு ராயபுரம் வருவார். மேனேஜர் சாப்பிடப் போயிருந்தால் மாடிப்படியில் காத்திருப்பார். எண்ணூர்க்காரர் வாரத்துக்கு மூன்று நாள் ரயிலேறி வந்து, பட்டியல்களைத் தன் நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டு போவார். தடித்த கண்ணாடி போட்டவர். அவர் குனிந்து எழுதும்போது மூக்கு காகிதத்தைத் தொடும்.

அந்த வருடம் பிப்ரவரியில் மேனேஜருக்கு மஞ்சள் காமாலை வந்தது. மூன்று வாரம் லீவு. சாவியை எனக்குக் கொடுத்தனுப்பினார், வேறு வழியில்லை. அந்த மூன்று வாரத்தில் நான் யாரையும் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். நடப்பில் இருந்த இருபத்தாறு கோப்புகளையும் பீரோவிலிருந்து எடுத்து, ஒவ்வொரு காகிதத்தையும் கார்பன் வைத்து மறுபடி டைப் அடித்தேன். வெள்ளை ஒன்று, ரோஜா நிறம் ஒன்று, மஞ்சள் ஒன்று, பச்சை ஒன்று. கார்பனில் கீழே போகப் போக எழுத்து மங்கும். அதனால் வெள்ளைக்கு அடுத்த ரோஜா நிறம் எண்ணூர்க் கண்ணாடிக்காரருக்கு. மஞ்சள் யார்டுக்கு. எல்லாவற்றிலும் மங்கிய பச்சை துறைமுக வாசலுக்கு, ஏனென்றால் அந்தக் குமாஸ்தாவின் மேசை ஜன்னலோரம், நல்ல வெளிச்சம். நான்கு இடத்திலும் ஒரே எண், ஒரே வரிசை. முப்பத்தொன்று என்றால் எங்கே திறந்தாலும் முப்பத்தொன்றுதான். வெள்ளைக் கோப்புகளைப் பீரோவில் திரும்ப வைக்கவில்லை. என் மேசைக்குப் பக்கத்தில் கதவில்லாத மர அலமாரியில் வைத்தேன். கையை நீட்டினால் எடுக்கலாம்.

புதிதாக வரும் காகிதங்கள் அன்றன்று போய்ச் சேர வேண்டுமே. பச்சையைத் துறைமுகக் குமாஸ்தா காலையில் ஆபீஸ் வழியாகப் போகும்போது எடுத்துக்கொள்வார். மற்ற இரண்டும் ரயிலில் போக வேண்டும். ஆபீஸ் பியூன் மேனேஜர் வீட்டுக்குக் காய்கறி வாங்கவே சரியாக இருந்தான். எங்கள் தெருக்கோடியில் ஒரு மீன்காரம்மா தினமும் அதே எட்டு பன்னிரண்டு வண்டியில் எண்ணூர் மார்க்கெட்டுக்குக் கூடை கொண்டுபோவாள். அவளைக் கேட்டேன். மார்க்கெட்டில் தனக்கு ஒரு இடம் வேண்டும் என்று மனு எழுதித் தரச் சொன்னாள். எழுதிக் கொடுத்தேன், நகலும் வைத்துக்கொண்டேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் யார்டு பைக்கு ஒரு முடிச்சு, எண்ணூர்ப் பைக்கு இரண்டு முடிச்சு. ஒரு முடிச்சுப் பையைக் கொருக்குப்பேட்டையில் ஜன்னல் வழியாக நீட்டுவாள், யார்டுக்காரர் பிளாட்பாரத்தில் நின்று வாங்கிக்கொள்வார். ஏழு மாதத்தில் ஒரு பைகூடத் தவறவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில்கூட அவள் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இன்னிக்கு இம்மாம் கனம் கனக்குது? கல்லு கில்லு போட்டு அனுப்புறியா?" என்றாள்.

"காகிதம்தான்."

"காகிதமா? இதுக்கு வஞ்சிரமே தேவல. அத்த வித்தா வூட்டுக்கு வெறுங்கூடையா வருவேன்."

காமாலை தெளிந்து மேனேஜர் திரும்பியபோது திறந்த அலமாரியைப் பார்த்து, "யாரைக் கேட்டு இதைச் செஞ்சீங்க?" என்றார். "யாரையும் கேக்கல சார். வேலை நிக்கக் கூடாதுன்னு செஞ்சேன்" என்றேன். அவர் அதைக் கலைத்துவிடுவார் என்று நினைத்தேன். கலைக்கவில்லை. அந்த மாதம் பெட்டிகள் சீக்கிரம் போய்ச் சேர்ந்ததற்கு முதலாளி அவரைப் பாராட்டியிருந்தார். ஆனால் ரோஜா நிறக் கோப்பு எப்போதாவது ஆபீஸுக்கு வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்வார். "நம்ம கோப்பெல்லாம் கருவாடு நாறுது" என்பார். நாறியது உண்மை. படிக்க முடிந்தது என்பதும் உண்மை.

இனி செப்டம்பரில் நடந்த தவறு.

முப்பத்தொன்றாம் கோப்பில் இருபது பெட்டிகள். ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்ணூர், மீதி திருவொற்றியூர் என்று பட்டியல். பிறகு சரக்குக்குச் சொந்தமான கம்பெனி தன் திட்டத்தை மாற்றியது. ஒன்பதாம் பெட்டி திருவொற்றியூருக்கும் பதினைந்தாம் பெட்டி எண்ணூருக்கும் போக வேண்டும். அவர்களுடைய இன்ஜினியர் 8-ம் தேதி திங்கட்கிழமை எண்ணூரில் நம் கண்ணாடிக்காரரிடம் இதை வாயால் சொன்னார். நம்மவர் ஒழுங்கானவர். உடனே தன் ரோஜா நிறக் காகிதத்தில் ஒன்பதைப் பென்சிலால் அடித்து, பதினைந்து என்று அழகாக எழுதி, தேதியும் போட்டு, கோப்பில் வைத்துவிட்டார். அவரைப் பொறுத்தவரை கோப்பு சரியாகிவிட்டது. மறுநாள் கொருக்குப்பேட்டையில் யார்டுக்காரர் தன் மஞ்சள் காகிதத்தைப் பார்த்தார். அதில் ஒன்பதுதான் இருந்தது. ஒன்பதை எண்ணூர் லாரியில் ஏற்றினார்.

எண்ணூரில் பதினைந்தாம் பெட்டி வராமல் எட்டு ஃபிட்டர்கள் இரண்டு நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். 15-ம் தேதி திங்கட்கிழமை அந்தக் கம்பெனியிலிருந்து முதலாளிக்குக் காரமான கடிதம் வந்தது. அன்றே நான் முப்பத்தொன்றாம் கோப்பின் எல்லா நகல்களையும் வரவழைத்து மாலையில் மேசையில் வரிசையாகப் பரப்பினேன். வெள்ளை ஒன்பது. பச்சை ஒன்பது. மஞ்சள் ஒன்பது. ரோஜா பதினைந்து. ரோஜாவோடு எண்ணூர்க்காரர் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தார்: 'தப்பாக இருந்ததைச் சரி பண்ணி வைத்தேன் அம்மா. மற்றவர்களுக்குத் தெரியாது என்று தோன்றவில்லை. ஒரே கோப்பு என்றுதானே சொன்னீர்கள்.'

அந்தச் சீட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. நிறம் யோசித்தேன், ரயில் யோசித்தேன், முடிச்சு யோசித்தேன். நான்கு பேரில் ஒருவர் பென்சிலை எடுத்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. அது என் தவறு. அன்று ராத்திரி டைரியில் அப்படித்தான் எழுதினேன், அடிக்கோடும் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை பத்து இருபதுக்கு மேனேஜர் வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"சாயங்காலத்துக்குள்ள அந்தக் கலர் காகிதம் அத்தனையும் மூணு இடத்துலேருந்தும் இங்க வந்தாகணும். நாளைக்கு மூட்டை கட்டிப் பீரோவுல வச்சுப் பூட்டறேன். இனிமே கோப்புன்னா ஒண்ணு. சாவியும் ஒண்ணு. யார்டுக்காரனை வரச் சொல்லியிருக்கேன். அவனுக்கு இன்னியோட கணக்கு முடிஞ்சுது."

யார்டுக்காரர் ஐந்து வருடமாகத் தற்காலிகம். அக்டோபர் ஒன்றாம் தேதி நிரந்தரம் ஆக்குவதாக முதலாளியே சொல்லியிருந்தார். இன்னும் பதினைந்து நாள் இருந்தது.

பதினொன்றே காலுக்கு அவர் வந்தார். சட்டையெல்லாம் கிரீஸ். மேனேஜர் உட்காரச் சொல்லவில்லை.

"ஒம்பதாம் பெட்டியை ஏன்யா எண்ணூருக்கு ஏத்தின?"

"என் காகிதத்துல இன்னா போட்டு கீதோ அத்தத்தான் சார் ஏத்தினேன். ஒம்போது எண்ணூர்னு போட்டுக்கீது. நானா ஜோசியம் பாத்து பதினஞ்ச ஏத்தறது?"

"மாத்தினது தெரியலைன்னா ஆபீஸுக்கு வந்து கேக்கணும்."

"மாத்தினதே தெரியாது, இன்னான்னு வந்து கேப்பேன்? சார், இன்னிக்குச் சூரியன் மேக்கால வந்துச்சான்னு தெனைக்கும் வந்து கேக்கட்டா?"

"வாயை மூடு. அந்தக் கம்பெனிக்காரன் எழுத்துல ஒண்ணும் கொடுக்கல. லெட்டர் வந்திருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேனா? யாரோ உன்கிட்ட வாயால சொல்லியிருக்காங்க, நீ மறந்துட்ட."

அப்போதுதான் நான் எழுந்தேன். தபால் வரவுப் பதிவேடு என் மேசையில் இருந்தது. ஆபீஸுக்கு வரும் ஒவ்வொரு கடிதத்தையும் அதில் எண் போட்டு எழுதுவது என் வேலை. மேனேஜர் எடுத்துக்கொள்ளும் கடிதத்துக்கு எதிரே அவர் கையெழுத்துப் போடுவார். பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

"நானூத்திப் பன்னெண்டு சார். ஆறாம் தேதி, சனிக்கிழமை. 'பெட்டி ஒன்பது, பதினைந்து மாற்றம் பற்றி.' எதிர்ல உங்க கையெழுத்து. டைப்புக்கு வரல."

சனிக்கிழமை அரை நாள். கடிதத்தைத் தன் டிராயரில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். திங்கட்கிழமை மறந்திருப்பார். மறதி குற்றமில்லை. அந்த வரியைப் பதிவேட்டில் எழுதிவிட்டு நானும்தான் மறந்திருந்தேன். ஆனால் தன் டிராயரைத் திறந்து பார்க்காமல் இன்னொருவர் பிழைப்பை முடிக்க நினைத்தார். அதை என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

"பதிவேட்டை மூடுங்க" என்றார்.

மூடினேன். "மூடிட்டேன் சார். உள்ள உங்க கையெழுத்து அப்படியேதான் இருக்கு."

அவர் முகம் சிவந்தது. யார்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரை வாசலில் காத்திருக்கச் சொல்லிவிட்டு, மேனேஜர் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "சாயங்காலத்துக்குள்ள காகிதம் வரணும். அதுல மாற்றமில்லை."

நான் மாடிப்படி வரை போனேன். யார்டுக்காரர் பீடியைப் பற்ற வைக்காமல் விரலில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"யக்கா, நீ எனுக்கோசரம் பேஜார்ல மாட்டிக்காத. எனுக்கு யார்டா இல்ல? வேற எங்கனா பாத்துக்கினு போறேன்."

"உனக்காக இல்ல. கோப்புக்காக."

"அட போ யக்கா. கோப்புக்கு இன்னா, பொண்டாட்டி புள்ளையா கீது?" என்று சிரித்தார். நான் சொன்னது பாதிதான் உண்மை என்று அவருக்குத் தெரியும்.

திரும்பி வந்து ஒரு தாளை டைப் அடித்தேன். நான்கு நிறத்தில். அதில் மூன்று விஷயம். ஒன்று, கடிதம் எண் 412 எப்போது வந்தது, யார் வாங்கினார். இரண்டு, நகலில் யாரும் எழுதக் கூடாது என்ற விதியைப் பிப்ரவரியிலேயே சொல்லாதது என் தவறு. மூன்று, இன்று முதல் வெள்ளையில் மட்டுமே திருத்தம். யாருக்கு என்ன மாற்றம் தெரிந்தாலும் சீட்டில் எழுதி ராயபுரத்துக்கு அனுப்ப வேண்டும், வெள்ளையைத் திருத்தியபின் மற்ற மூன்றுக்கும் நான் சீட்டு அனுப்புவேன், சீட்டு வந்தபின்தான் அவரவர் நகலில் ஒட்ட வேண்டும். கீழே என் கையெழுத்து.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு நேரம். டிபன் டப்பாவைத் திறக்கவில்லை. பதிவேட்டையும் வெள்ளைத் தாளையும் துணிப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி மண்ணடியில் முதலாளியின் இரும்புக் கடைக்குப் போனேன். பதினோரு வருடத்தில் நான் அங்கே போனது அதுவே முதல் தடவை. அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"உங்களை யாரு வரச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார்."

தாளை இரண்டு தடவை படித்தார். பதிவேட்டில் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். கடைக்கு வெளியே கம்பிகளை இறக்கும் சத்தம்.

"நாலு இடத்துல ஒரே காகிதம்னா, அதுல எதும்மா எஜமான்?"

"வெள்ளை சார். மத்த மூணும் அது சொல்றதைக் கேக்கணும். இதை நான் முன்னாடியே சொல்லியிருக்கணும், சொல்லல. யாராவது போகணும்னா நான் போறேன். யார்டுக்காரர் தன் காகிதம் சொன்னதைத்தான் செஞ்சார். அவரை அனுப்பிட்டா, நாளைக்கு எந்த ஆளும் காகிதத்தை நம்ப மாட்டான்."

"நீங்க போனா டைப் யாரு அடிப்பா?" என்றார். அது பாராட்டா கேலியா என்று எனக்கு இன்றும் தெரியாது. பிறகு: "அவனை நிறுத்த வேண்டாம்னு போன்ல சொல்லிடறேன். கலர் காகிதமும் இருக்கட்டும். ஆனா மேனேஜர் மேனேஜர்தான், அதை மறந்துடாதீங்க."

"ஒண்ணாம் தேதி நிரந்தரம்?"

"அதை அப்புறம் பாக்கலாம்."

"அப்புறம்னா எப்போ சார்?"

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "ஜனவரி" என்றார். பஸ்ஸில் திரும்பும்போது டைரியை எடுத்து, 'ஜனவரி, முதலாளி வாய்ச்சொல், பகல் 1.20' என்று எழுதினேன்.

ஒன்றரைக்கு இருக்கையில் இருக்க வேண்டிய நான் இரண்டு ஐந்துக்குத்தான் வந்து சேர்ந்தேன். போன் எனக்கு முன்னால் வந்துவிட்டிருந்தது. யார்டுக்காரர் யார்டுக்குத் திரும்பியிருந்தார். மேனேஜர் ஒரு தாளில் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்து என் மேசையில் வைத்தார். அது எனக்கு மெமோ. அனுமதியின்றி ஆபீஸ் பதிவேட்டை வெளியே கொண்டுபோனது, அரை மணி நேரம் தாமதமாக வந்தது, இரண்டுக்கும் மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும்.

"டைப் அடிங்க. ஒரு காப்பி போதும்."

ஆபீஸில் டைப்பிஸ்ட் நான் ஒருத்திதான். வெள்ளை, ரோஜா, மஞ்சள், பச்சை, நடுவில் மூன்று கார்பன் வைத்து, நான்கின் ஓரங்களையும் மேசையில் தட்டிச் சமப்படுத்தி, மிஷினில் ஏற்றினேன்.

"ஒண்ணுன்னு சொன்னேன்."

"ஆபீஸ் காகிதம் சார். ஆபீஸ் காகிதம் எல்லாமே நாலு. முதலாளி இருக்கட்டும்னுதான் சொல்லியிருக்கார்."

"உங்க மேல வர்ற மெமோம்மா இது. ஊரெல்லாம் படிப்பாங்க. வெக்கமா இல்லையா உங்களுக்கு?"

"செஞ்சது உண்மை சார். உண்மைக்கு எதுக்கு வெக்கம்?"

அவர் எழுதிக் கொடுத்தபடியே எழுத்து மாறாமல் அடித்தேன். உருவி எடுத்து அவரிடம் கொடுத்தேன். வெள்ளையில் கையெழுத்துப் போட்டார். பிறகுதான் சொன்னேன்.

"சார், அரை மணி இல்ல. ஒண்ணரைலேருந்து ரெண்டு அஞ்சு. முப்பத்தஞ்சு நிமிஷம்."

அவர் என்னையே பார்த்தார். கோபமா அலுப்பா தெரியவில்லை. "சரி, திருத்துங்க" என்றார்.

"நான் திருத்தக் கூடாது சார். வெள்ளையில நீங்க திருத்திப் பக்கத்துல கையெழுத்துப் போடுங்க. மத்த மூணுக்கும் நான் சீட்டு அனுப்பறேன்."

அவர் காகிதத்தைக் கசக்கி எறிந்திருந்தால் நான் இன்னொன்று அடித்திருப்பேன். அவருக்கும் அது தெரிந்திருக்கும். 'அரை மணி' என்பதை அடித்து, '35 நிமிடம்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

புதிய விதியின் கீழ் எங்கள் ஆபீஸில் போன முதல் திருத்தச் சீட்டு அதுதான். ஊழியர் கோப்பு எண் ஏழு, வரி மூன்று, 'அரை மணி' என்பதை '35 நிமிடம்' என்று கொள்ளவும். ரோஜாவுக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று. விளக்கத்துக்கு மூன்று நாள் இருந்தும் அன்றே எழுதினேன். நான்கு வரி. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. அதற்கும் நான்கு நிறம். வெள்ளைகளை அலமாரியில் அதனதன் இடத்தில் வைத்தேன். ஐந்தரைக்கு வாசலைப் பூட்டினேன். அலமாரிக்கு அன்றும் பூட்டு இல்லை.

செப்டம்பர் 17, புதன்கிழமை. எழுந்தது நாலே முக்கால். பம்படிக்குப் போகும் முன்பே, முதல் வேலையாக, விளக்கைப் போட்டு இரண்டு பைகளையும் கட்டிலில் கொட்டினேன். மஞ்சள் விதித் தாள், மஞ்சள் மெமோ, மஞ்சள் விளக்கம், சீட்டு ஒன்று. ரோஜா விதித் தாள், ரோஜா மெமோ, ரோஜா விளக்கம், சீட்டு ஒன்று. எண்ணைச் சரிபார்த்துத் திரும்ப உள்ளே வைத்தேன். யார்டு பைக்கு ஒரு முடிச்சு, எண்ணூர்ப் பைக்கு இரண்டு முடிச்சு, இறுக்கிப் போட்டேன்.